பக்கிங்ஹாம் மாஸ்டரின் தண்ணீர்ப் பேச்சு

கூத்தாநல்லூர் கடைத்தெருவில், அப்துல் ஜலீல் பாயின் பாத்திரக்கடைக்கு மேல்மாடியில் இங்கிலாந்து இருக்கிறது. கடல் தாண்ட வேண்டாம், பாஸ்போர்ட்டும் வேண்டாம், செங்குத்தான ஒரு படிக்கட்டில் தலையை இடித்துக்கொள்ளாமல் ஏறினால் போதும். ‘பக்கிங்ஹாம் ஸ்போக்கன் இங்கிலீஷ் அகாடமி’ என்று சிவப்பு எழுத்தில் பலகை தொங்கும். கீழே கல்யாணச் சீர் குடங்களில் பெயர் வெட்டுகிற சத்தம் கேட்கும். மேலே ‘கோ, வென்ட், கான்’ என்று வளைகுடா போகப்போகிறவர்கள் கத்துகிற சத்தம் கேட்கும். இரண்டுக்கும் நடுவே டை கட்டிக்கொண்டு, வியர்த்து வழிந்துகொண்டு நிற்பவர்தான் நம்முடைய இளம்பரிதி மாஸ்டர்.

மாஸ்டர் பிறந்தது பக்கத்தில் உள்ள அரசூர்க்குடி. தாத்தா பண்ணையாள். அப்பா விவசாயக் கூலி, ஆனால் மேடைப் பேச்சு என்றால் உயிரை விடுவார். எந்த ஊரில் கூட்டம் நடந்தாலும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தே போய், முதல் வரிசையில் மண்ணில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வருவார். திரும்பி வந்து, பேச்சாளர் என்ன சொன்னார் என்று யாராவது கேட்டால், “என்னமா பேசுனாரு தெரியுமா!” என்பார். என்ன சொன்னார் என்பது கடைசிவரை வெளியே வராது. மகனுக்கு இளம்பரிதி என்று பெயர் வைத்ததும் அப்படி ஒரு கூட்டத்தில் கேட்டுத்தான்.

அப்பாவை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. அரசூர்க்குடிக்கே அந்தப் பழக்கம் உண்டு. காதுகுத்து ஆனாலும் படத்திறப்பு ஆனாலும் அங்கே மைக் கட்டாமல் காரியம் நடக்காது. மைக்கைப் பிடித்தவர் ‘அவர்களே, அவர்களே’ என்று மேடையில் இருப்பவர், இல்லாதவர், வருவதாகச் சொல்லி வராதவர் அத்தனை பேரையும் விளித்து முடித்த பிறகுதான் விஷயத்துக்கு வரவேண்டும். நேராக விஷயத்துக்கு வருகிறவனை ‘மொட்டையா பேசுறான்’ என்பார்கள். ஒருவரை அந்த ஊர் இதைவிடக் கேவலமாகச் சொல்ல முடியாது.

இந்த மண்ணில் வளர்ந்த பிள்ளை மன்னார்குடிக்குப் போய் பி.ஏ. ஆங்கிலம் சேர்ந்தது. முதல் வருடம் ஒரு எழவும் புரியவில்லை. ஒருநாள் தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டு நடைபாதையில், அட்டை கிழிந்த ஆங்கில மரபுத்தொடர் புத்தகம் ஒன்று கிடைத்தது. வெள்ளைக்காரன் சொல்ல வந்ததை நேராகச் சொல்லாமல் சுற்றி வளைத்துத்தான் சொல்வான் என்று அதைப் படித்தபோது தெரிந்தது. அட, இவன் நம்ம ஊர்க்காரன் அல்லவா என்று இளம்பரிதிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை உருப்போட்டார். பிறகு ஆசிரியர் வேலைக்குத் தேர்வு மேல் தேர்வாக எழுதினார். அவருடைய ஆங்கிலத்தைத் தாங்கும் நிலையில் அரசாங்கம் அப்போது இல்லை. அப்படித்தான் பாத்திரக்கடை மாடியில் பக்கிங்ஹாம் உதயமானது.

மாஸ்டரின் பாடமுறையே தனி. வாரத்துக்கு ஒரு சாதாரண வார்த்தை. கை, கண், முட்டை, உப்பு என்று ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்வார். அந்த வார்த்தையை வைத்து ஆங்கிலத்தில் எத்தனை மரபுத்தொடர் உண்டோ அத்தனையையும் ஒரு வாரம் முழுக்க ஊட்டுவார். குவைத்தில் டிரைவர் வேலைக்குப் போகிறவன், ‘முட்டையின் மேல் நடப்பது’ என்றால் பக்குவமாக நடந்துகொள்வது என்று கற்றுக்கொண்டு விமானம் ஏறுவான். வண்டி பிரேக் பிடிக்கவில்லை என்பதை முதலாளியிடம் எப்படிச் சொல்வது என்று மட்டும் அவனுக்குத் தெரியாது. ஜலீல் பாய் இருபது வருடம் குவைத்தில் இருந்துவிட்டு வந்தவர். “சார், நம்ம புள்ளைங்களுக்கு ‘சம்பளம் வரல’ன்னு சொல்றதுக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்க” என்று ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். “அதெல்லாம் பேசிக் பாய். நம்மளுது அட்வான்ஸ்டு” என்று மாஸ்டர் சிரித்துவிட்டார்.

எல்லா வார்த்தையிலும் அவருக்குச் செல்லமானது ‘வாட்டர்’. தண்ணீர் வாரம் வந்தால் மாஸ்டர் புது டை கட்டிக்கொண்டு வருவார். ‘வாட்டர் அண்டர் த பிரிட்ஜ்’ என்றால் பாலத்துக்கு அடியில் போய்விட்ட தண்ணீர். போனது போனதுதான், இனி அதைப் பேசக்கூடாது என்று அர்த்தம். இதைச் சொன்னதும் வகுப்பே அவரைச் சந்தேகமாகப் பார்க்கும். பாலத்துக்கு அடியில் போன தண்ணீரைப் பேசாமல் விட்டால் காவிரிப் பக்கத்தில் பேசுவதற்கு வேறு என்ன இருக்கிறது? எவ்வளவு வந்தது, யார் மடக்கினது, யாருக்கு வர வேண்டியது என்று தலைமுறை தலைமுறையாக வழக்காடுகிற ஊர் இது. ‘மட்டி த வாட்டர்ஸ்’ என்றால் தண்ணீரைக் கலக்கிச் சேறாக்குவது, அதாவது காரியத்தைக் கெடுப்பது. இங்கே தண்ணீரைக் கலக்கிச் சேறாக்கினால்தான் நடவுக் காரியமே தொடங்கும். இருந்தாலும் மாணவர்கள் வெள்ளைக்காரன் பாவம் என்று பொறுத்துக்கொண்டு எழுதிக்கொள்வார்கள்.

மாஸ்டரின் மனைவி பெயர் செம்மொழி. பக்கிங்ஹாம் மாஸ்டருக்கு வாய்த்த மனைவியின் பெயர் இப்படி இருந்ததை ஊரே ரசித்தது. பிளஸ் டூ படித்தவள். அவளுடைய அம்மா ஆயுசு முழுக்க அடுத்தவர் வயலில் குனிந்து களை பறித்தே முதுகு வளைந்து போனவள். “நான் யார் வயல்லயும் களைக்குக் குனிய மாட்டேன்” என்று சொல்லித்தான் செம்மொழி கோயில் நிலத்தைத் தன் பெயரில் குத்தகைக்கு எடுத்தாள். மாஸ்டர் வயலுக்குப் போனால் வரப்போடு சரி. டை சேறாகிவிடும்.

அந்த வருடம் குறுவை நன்றாக வந்தது. மிஷின் இறங்கி அறுத்துக் கொட்டியதும், செம்மொழி நெல்லைக் கொண்டுபோய் அரசாங்கக் கொள்முதல் நிலையத்து வாசலில் குவித்தாள். அவளுக்கு முன்னால் பாதி ஊரின் குவியல் கிடந்தது. அதற்குப் பிறகு மழை பிடித்தது. விட்டு விட்டு ஒரு வாரம். நெல்லில் ஈரம் நூற்றுக்குப் பதினேழுக்கு மேல் இருந்தால் எடுக்க முடியாது என்று நிலையத்தில் கையை விரித்துவிட்டார்கள். வெயில் தலைகாட்டும்போதெல்லாம் ரோட்டில் பரப்புவதும், தூறல் போட்டால் ஓடிவந்து கூட்டித் தார்ப்பாயால் மூடுவதுமாக ஊர் அலைந்தது. குவியலுக்குள் கையை விட்டால் சூடாக இருந்தது. இன்னும் சில நாளில் முளை விட்டுவிடும். விட்டால் செம்மொழியின் குத்தகையும் போச்சு, அவள் சபதமும் போச்சு.

அந்த நேரத்தில்தான் ஈரத்தைப் பார்வையிட டெல்லியிலிருந்து ஒரு குழு வருகிறது என்று செய்தி வந்தது. குழு வந்து பார்த்து, நெல்லில் மாதிரி எடுத்துப் போனால், பதினேழை இருபத்திரண்டாக உயர்த்தித் தருவார்களாம். விவசாயிகள் சங்கத் தலைவர் ரெத்தினம் மைக் வைத்து அவசரக் கூட்டம் போட்டார். யார் பேசுவது என்ற கேள்வியே எழவில்லை.

“நம்மகிட்ட பக்கிங்ஹாமே இருக்கும்போது என்ன கவல? மாப்ள, நீதான் பேசுற. டெல்லிக்காரன் அசந்துபோவணும்” என்றார் ரெத்தினம்.

“அசத்திருவோம் மாமா” என்றார் மாஸ்டர்.

குழு வருகிற அன்று காலையில் செம்மொழி அவருக்கு டையை எடுத்துக் கொடுத்துக்கொண்டே சொன்னாள்: “ஏங்க, ஒண்ணே ஒண்ணு கேளுங்க. பதினேழ இருபத்திரண்டா ஆக்கித் தாங்கன்னு கேட்டுட்டு, குவியல்ல வந்து கைய விட்டுப் பாருங்கன்னு கூட்டிட்டு வந்துருங்க. நான் தார்ப்பாயத் தூக்கிப் புடிச்சுட்டு நிக்கிறேன்.”

“அத எப்படி செம்மொழி மொட்டையா கேக்குறது? டெல்லிலேர்ந்து வர்றாங்க. ஒரு முறை இருக்குல்ல.”

குழு மத்தியானம் வந்தது. மூன்று கார். இறங்கிய பெரிய அதிகாரி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, இன்னும் பல ஊர் போக வேண்டும், இங்கே பத்து நிமிடம்தான் என்றார். அதில் பாதியை ரெத்தினம் சால்வை போட்டே தீர்த்தார். மிச்சத்தை வாங்கிக்கொண்டு மாஸ்டர் மைக்கைப் பிடித்தார்.

‘ரெஸ்பெக்டெட்’ என்று தொடங்கினார். குழுத் தலைவர், உறுப்பினர்கள், மாவட்டத்திலிருந்து வந்தவர்கள், வட்டத்திலிருந்து வந்தவர்கள், கார் ஓட்டி வந்தவர்கள் என்று ஒருவர் பாக்கியில்லாமல் விளித்தார். ஊர் நிமிர்ந்து உட்கார்ந்தது. பிறகு தண்ணீரைத் திறந்துவிட்டார். விவசாயிகளாகிய நாங்கள் ‘டீப் வாட்டரில்’, அதாவது பெருஞ்சிக்கலில், இருக்கிறோம் என்றார். தண்ணீருக்கு மேலே தலையை வைத்திருக்கவே போராடுகிறோம், ‘ஹெட் அபவ் வாட்டர்’ என்றார். வாத்தின் முதுகில் விழுந்த தண்ணீர் போல எங்கள் கண்ணீரை உதறிவிடாதீர்கள் என்றார். பழைய மனக்கசப்பெல்லாம் ‘வாட்டர் அண்டர் த பிரிட்ஜ்’ என்று டெல்லியைப் பெருந்தன்மையாக மன்னித்தார். காவிரி வழக்கையே அந்த ஒரு வாக்கியத்தில் வாபஸ் வாங்கியது ஊருக்குத் தெரியாததால் கைதட்டினார்கள். எது வந்தாலும் விடமாட்டோம், ‘கம் ஹெல் ஆர் ஹை வாட்டர்’ என்று அவர் குரலை உயர்த்தியபோது விசில் பறந்தது.

அந்தப் பக்கம் செம்மொழி தார்ப்பாயின் ஒரு நுனியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாதிரி எடுக்க வந்த இளம் அதிகாரி பிளாஸ்டிக் கவரைக் கையில் வைத்தபடி பேச்சில் சொக்கி நின்றார். பெரிய அதிகாரி எழுந்தார், மாஸ்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இவ்வளவு அருமையான ஆங்கிலத்தை டெல்லியில்கூடக் கேட்டதில்லை, எங்கே படித்தீர்கள் என்றார். மாஸ்டர் எங்கே படித்தார் என்பதை விரிவாகச் சொன்னார். அதற்குள் நேரம் முடிந்தது. கதவுகள் சாத்தப்பட்டன, காலிக் கவரோடு மூன்று காரும் போய்விட்டன. செம்மொழி தார்ப்பாயை இறக்கினாள்.

மாஸ்டரை ஊர் தோளில் தூக்காத குறைதான். ஜலீல் பாய் பேச்சு முழுவதையும் செல்போனில் பிடித்திருந்தார். அது சாயங்காலத்துக்குள் மயிலாடுதுறை, நாகப்பட்டினம் வரை வாட்ஸ்அப்பில் போய்விட்டது. பக்கிங்ஹாமில் புதிதாகச் சேர வந்தவர்களுக்கு பெஞ்சு போதாமல் பாய் கடையிலிருந்து அண்டாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார வைத்தார்கள்.

பதில் வந்தது. குழு போன பக்கத்து ஊர்களுக்கெல்லாம் இருபத்திரண்டு கிடைத்தது. அரசூர்க்குடிக்குக் கிடைக்கவில்லை.

டீக்கடையில் ரெத்தினம் விளக்கம் சொன்னார்: “நம்ம இங்கிலீஷக் கேட்டுட்டு, இவனுங்களுக்கு என்னடா கஷ்டம் இருக்கப்போவுதுன்னு நெனச்சிருப்பான். பொறாம. வேற என்ன?”

ஊர் ஏற்றுக்கொண்டது. மாஸ்டரும் “இருக்கும் மாமா” என்று தலையை ஆட்டிவிட்டு டீயைக் குடித்தார். எப்படியிருந்தாலும் தன் பேச்சில் குறையில்லை என்பதில் அவருக்கு உள்ளூர ஒரு திருப்தி. இதை எழுதும்போது எனக்கு அவரைப் பிடித்து நான்கு உலுக்கு உலுக்க வேண்டும் போலிருக்கிறது.

செம்மொழியின் நெல் முளைத்துவிட்டது. பச்சையாக, அழகாக, நாற்றங்கால் மாதிரி முளைத்தது. மாட்டுத் தீவனத்துக்கென்று ஒரு வியாபாரி வந்து, முகத்தைச் சுளித்துக்கொண்டே வாரிப்போனார். அடுத்த போகமான தாளடிக்கு அவளால் நடவு போட முடியவில்லை. கார்த்திகையில் ஒரு காலை, பழைய புடவையைச் சுருட்டித் தலையில் கட்டிக்கொண்டு, களையெடுக்கப் போகிற பெண்களோடு அவள் கிளம்பினாள்.

“நீ எதுக்குப் போற? அகாடமிதான் நல்லா ஓடுதே” என்றார் மாஸ்டர். ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார்.

செம்மொழி அவருடைய செல்போனை எடுத்து அந்த வீடியோவைப் போட்டாள். ‘ரெஸ்பெக்டெட்’ என்று குரல் கிளம்பியது. இருவரும் கடைசிவரை கேட்டார்கள். கைதட்டல் வந்தது, விசில் வந்தது, முடிந்தது. அவள் போனை அவர் கையில் கொடுத்தாள்.

“எனக்கு உங்க இங்கிலீஷ் புரியாது. ஆனா ட்வென்டி டூன்னா என்னன்னு தெரியும். தினம் போட்டுப் போட்டுப் பாத்துட்டேன். இதுல அது எங்கங்க வருது?”

மாஸ்டர் வீடியோவை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டார். அந்த இருபத்திரண்டைத் தான் கேட்கவே இல்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. ஊரே தன்னை நம்பி மைக்கைக் கொடுத்தது. இவள் கை வலிக்கத் தார்ப்பாயைப் பிடித்து நின்றாள். தான் டெல்லிக்காரனிடம் கேட்டு வாங்கியது ஒரு சபாஷ் மட்டும். வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம். செம்மொழி யாரிடமும் இதைச் சொல்லவில்லை. அதுதான் அவரை இன்னும் வாட்டியது. தினமும் மாலையில் அவள் சேற்றுக் காலோடு வந்து கொல்லையில் கழுவுகிற சத்தம் கேட்கும்போது அவர் புத்தகத்தை மூடிவைத்துவிடுவார்.

மறு வருடம் அம்மாவின் பழைய தோட்டை விற்று, செம்மொழி மறுபடி குறுவை போட்டாள். மறுபடி அறுப்பு, மறுபடி குவியல், மறுபடி மழை. மழைக்கு மட்டும் இந்த ஊரில் ஞாபகமறதி கிடையாது. டெல்லிக் குழுவும் மறுபடி வருவதாகச் செய்தி வந்தது. போன வருடத்தை மிஞ்சுகிற மாதிரி ஏற்பாடு செய்தார் ரெத்தினம்: பந்தல், இரண்டு ஸ்பீக்கர் பாக்ஸ், ‘ஆங்கில அருவி இளம்பரிதி’ என்று ஒரு பிளெக்ஸ். வெளியூரிலிருந்தும் பேச்சுக் கேட்க ஆள் வந்திருந்தார்கள்.

அந்த வாரம் முழுக்க வீட்டில் ஒத்திகை நடந்தது. செம்மொழி அரிசி களைந்துகொண்டே, “எங்க, சொல்லுங்க” என்பாள். மாஸ்டர் சொல்வார். ‘ரெஸ்பெக்டெட்’ என்று வாய் தவறினால், “மறுபடி மொதல்லேர்ந்து” என்பாள். பக்கிங்ஹாமில் யாரும் இவ்வளவு கண்டிப்பான வாத்தியாரைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

கார்கள் வந்தன. சால்வை முடிந்தது. மாஸ்டர் மைக்கைப் பிடித்தார். ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டது. டீப் வாட்டர், ஹாட் வாட்டர், ஹை வாட்டர் எல்லாம் அவர் தொண்டைவரை வந்து முட்டின. எதிரே குவியலருகில் செம்மொழி தார்ப்பாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“சார், ஔவர் பேடி இஸ் வெட். ப்ளீஸ் மேக் இட் ட்வென்டி டூ. கம் அண்ட் டச்.”

மைக்கை வைத்துவிட்டார்.

அதிகாரி இன்னும் ஏதோ வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தார். வரவில்லை என்றதும் எழுந்து, மாஸ்டர் கைகாட்டிய பக்கம் நடந்தார். செம்மொழியின் குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டார். மாதிரி எடுக்கிறவர் ஒவ்வொரு குவியலிலும் கவர் கவராக அள்ளினார். செம்மொழி தமிழில் ஏதோ சொல்ல, அவர் ஆங்கிலத்தில் ஏதோ கேட்க, மாஸ்டர் நடுவில் நின்று இரண்டு பக்கமும் சொன்னார். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது.

பந்தல் எழவு வீடு மாதிரி ஆகிவிட்டது. வெளியூரிலிருந்து வந்தவர்கள் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனார்கள். “இதுக்கா பஸ் ஏறி வந்தோம்?” என்று ஒருவர் கேட்டது ஸ்பீக்கரில்லாமலே எல்லாருக்கும் கேட்டது. அடுத்த வாரமே பக்கிங்ஹாமில் அண்டாக்கள் காலியாகி ஜலீல் பாயின் கடைக்கு இறங்கிப் போயின.

இருபத்திரண்டு வந்தது. கொள்முதல் தொடங்கிய காலையில் ஊரே நிலையத்து வாசலில் நின்றது. ரெத்தினத்தின் மூட்டை எடை ஏறிக்கொண்டிருந்தது. அவர் மாஸ்டரைத் தனியே இழுத்துத் தோளில் கைபோட்டுக்கொண்டார்.

“ஏதோ டெல்லிக்காரன் இந்த வருஷம் மனசு வச்சான், தப்பிச்சோம். நீ இப்படி மொட்டையா பேசிக் கவுத்துட்டியே மாப்ள! பிளெக்ஸெல்லாம் வச்சோம். கோவிச்சுக்காத, அடுத்த வருஷத்துக்கு நல்லா பேசுற ஆளா ஒருத்தர மன்னார்குடிலேர்ந்து ஏற்பாடு பண்றேன்.”

மாஸ்டருக்கு முகம் சுருங்கிப் போனது. இருபது வருடப் பெயர் ஒரே பேச்சில் போய்விட்டது; அது அவருக்கு வலித்தது. திரும்பிப் பார்த்தார். செம்மொழியின் முறை வந்துவிட்டது. லோடுமேன்கள் சாக்கை விரித்துக்கொண்டு நின்றார்கள். அவள் ஈரத் தார்ப்பாயின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பேசி முடிச்சாச்சுல்ல? டையக் கழட்டிட்டு வந்து அந்தப் பக்கம் புடிங்க. நெல்லு போடணும்.”

மாஸ்டர் டையைக் கழற்றிச் சட்டைப் பையில் திணித்தார். தார்ப்பாயின் அந்தப் பக்கத்து நுனியைப் பிடித்தார்.